தொழிலும் மனச்சுமையும்

ஸ்ரீ:

உற்சவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்கள், கையில் தேங்காய், பழம், துளசி ஆகியவற்றோடு, கண்ணுக்குப் புலப்படாத வேறொன்றையும் சுமந்துகொண்டே சந்நிதிக்கு வருகிறார்கள். கோத்திரமும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறவர்களிடம் என்ன பிரார்த்தனை என்று கேட்டால், மக்கட்பேறு, திருமணம், நோய் நீக்கம் என்று சொல்லுவோர் என்றும் உண்டு. ஆனால் அண்மைக் காலத்தில் அடியேன் காதில் மிகுதியாக விழுவது ஒரே சொல்தான். "மனநிம்மதி வேண்டும், ஸ்வாமி" என்கிறார்கள். இன்னும் சற்று விசாரித்தால், நிம்மதியைக் கெடுத்தது வீடன்று, பிணியன்று, தொழில் என்பது தெரிய வருகிறது.

ஆரணி நகரம் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இவ்வூரில் தந்தை தறிக்குழியில் அமர்ந்திருக்கிறார். மகள் விடியற்காலையில் பேருந்து ஏறிச் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறாள். மகன் சென்னையில் கணிப்பொறியின் முன் இரவு முழுவதும் விழித்திருக்கிறான். மூவர் தொழிலும் வேறு. மூவரும் சொல்லும் குறை ஒன்று. படுத்தால் உறக்கம் இல்லை, உண்டால் செரிப்பதில்லை, வேலை முடிந்தும் மனம் வேலையை விட்டு இறங்குவதில்லை என்பதே அது. இதனைத்தான் பேச்சு வழக்கில் "டென்ஷன்" என்றும், எழுத்தில் மன அழுத்தம் என்றும் வழங்குகிறார்கள்.

இதற்கு மருந்தாக நம்மவர் உடனே எடுத்துச் சொல்லுவது கீதையின் உபதேசம்: கருமத்தைச் செய், பலனில் பற்று வையாதே என்பது. உபதேசம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. கூலி போதாமலும் வேலை நிச்சயமில்லாமலும் வாடுகிற ஒருவனிடம், அக்கூலியைக் குறைத்தவரே வந்து "பலனை எதிர்பாராதே அப்பா" என்றால், அது வேதாந்தமா, வஞ்சனையா? தொழிலால் வரும் மனச்சுமையில் எதை இறைவன் திருவடியில் இறக்கி வைக்கலாம், எதை இறக்கி வைக்கலாகாது? இதனை இவ்வுற்சவ மலரில் சிறிது சிந்திப்போம்.

பாவின் இழுப்பு

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இழுப்பே இல்லாத தொழில் உலகில் இல்லை. நெசவாளர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவு தளர்ந்து கிடந்தால் ஊடை நெருங்கி விழாது. சேலை தொய்ந்து போகும். பாவை அளவுக்கு மேல் இறுக்கினால் பட்டிழை அறும். தளர்ச்சிக்கும் அறுதலுக்கும் இடையே ஓர் அளவு இருக்கிறது; அவ்வளவை அறிவதே கைத்தேர்ச்சி. மனித மனமும் அப்படியே. ஓரளவு கவலை கவனத்தைத் தருகிறது; அளவு மீறினால் கவனத்தையே தின்றுவிடுகிறது.

மேனாட்டு அறிஞர்களும் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். கனடா தேசத்தில் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துவந்த ஹான்ஸ் செல்யே என்பவர், 1936ஆம் ஆண்டு ஒரு செய்தியை வெளியிட்டார். குளிர், காயம், ஓயாத உழைப்பு என்று துன்பம் எவ்வகையானாலும் உடல் அதற்கு ஏறக்குறைய ஒரேவிதமாகவே எதிர்வினை செய்கிறது என்றும், அந்நிலை நீடித்தால் இரைப்பை புண்ணாவது முதலான கேடுகள் விளைகின்றன என்றும் எலிகளைக் கொண்டு கண்டறிந்தார். மனத்தின் துன்பம் உடலில் தெரியும் என்பது நமக்குப் புதிதன்று. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கு நேர்ந்தது என்ன? அங்கங்கள் சோர்ந்தன, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, தோல் எரிந்தது, காண்டீவம் கையினின்று நழுவியது, நிற்கவும் இயலாமல் மனம் சுழன்றது. அவன் கோழையல்லன், தன் தொழிலில் நிகரற்றவன். தன் தொழில்களத்தின் நடுவிலேயே அவனுக்கு இந்நிலை வந்தது. ஆகையால், வேலையிடத்தில் கலங்கி நிற்பவனைப் பார்த்து, "திறமையில்லாதவன், சோம்பேறி" என்று இகழ்வது கீதையை ஒருமுறையேனும் படித்தவர் செய்யத் தக்கதன்று. பகவானும் அவன் சொன்னதையெல்லாம் கேட்ட பின்னரே பேசத் தொடங்கினான்.

சுமை எங்கிருந்து வருகிறது?

உழைப்பு மிகுந்தால் மனச்சுமை மிகும் என்று பொதுவாக எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. இங்கிலாந்தில் லண்டன் நகரத்து அரசு ஊழியர்களை வைத்து 1967இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. பெரும் பொறுப்புகளைத் தலைமேல் தாங்கிய உயர் அதிகாரிகளே மாரடைப்பால் மிகுதியாக மடிவார்கள் என்று உலகம் நினைத்திருந்தது. கண்டதோ நேர்மாறு. கடைநிலை ஊழியர்களிடையே இதயநோயால் நேர்ந்த மரண விகிதம் உயர்நிலையில் இருந்தவர்களைப் போல் ஏறக்குறைய மும்மடங்காக இருந்தது. புகைபிடித்தல் போன்ற பழக்கங்களைக் கணக்கில் கொண்ட பின்னும் வேறுபாடு முழுவதும் தீரவில்லை. அமெரிக்க அறிஞர் ராபர்ட் கராஸெக் 1979இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வேலையின் நெருக்கடி மிகுந்து, அவ்வேலையைத் தன் விருப்பப்படி நடத்தும் உரிமை குறைந்த இடத்தில்தான் மனம் மிகவும் நைகிறது என்றார்.

இவ்விளக்கத்தை ஆரணித் தெருக்களில் பொருத்திப் பாருங்கள். குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, ஒரு சேலையை முடிக்க வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அவ்வளவு நாளும் கையும் கண்ணும் நெசவாளருடையவை. மற்றவை எவை அவர் வசத்தில் உள்ளன? பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அதன் விலை அங்கே ஏறி இறங்குகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. வெள்ளியும் தங்கமும் விலை ஏறினால் அதுவும் ஏறும். முகூர்த்த மாதம் நெருங்கினால் "எப்போது அறுத்துத் தருவாய்" என்று நெருக்கடி. முகூர்த்தம் இல்லாத காலத்தில் பாவு வருவதே தாமதம். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். வாங்கிய முன்பணம் மட்டும் நில்லாது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் செய்தது. 1993இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. எனினும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர் இன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது திருமணங்கள் நின்றன, கடைகள் மூடின, தறிகள் ஓய்ந்தன. அதில் எந்த நெசவாளர் செய்த பிழை என்ன?

2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி பாரத தேசத்தில் நெசவும் அதைச் சார்ந்த வேலைகளும் செய்பவர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும், அடுப்பைக் கவனிப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் ஒரே கைகளால் நடக்கின்றன. அவர்கள் வேலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தொழிலின் மனச்சுமையைப் பற்றிப் பேசும்போது அந்தக் கைகளை மறந்துவிடக் கூடாது.

அங்கதன் பரிவாரம்

கெடு வைத்து வேலை வாங்குவதும், கெடு தவறியதால் கலங்குவதும் இக்காலத்துக்கே உரியவை என்று நினைக்க வேண்டா. ஸ்ரீமத் ராமாயணத்தில் கிஷ்கிந்தா காண்டத்தைப் பாருங்கள்.

சீதாபிராட்டியைத் தேட நான்கு திசைக்கும் வானரர்களை அனுப்பிய சுக்ரீவன், ஒரு மாதம் கெடு வைத்தான்; தவறினால் மரணம் என்றும் சொல்லிவிட்டான். தென்திசைக்கு வந்தவர்கள் அங்கதன், அநுமன், ஜாம்பவான் முதலியோர். தாகத்தால் ஒரு குகைக்குள் நுழைந்து, ஸ்வயம்ப்ரபை என்ற தபஸ்வினியால் உபசரிக்கப்பட்டு, வெளியே வரும்போது மாதம் கடந்துவிட்டது. தேடிய பொருளோ கிடைக்கவில்லை. அங்கதன் மனம் உடைந்தது. திரும்பிப் போய்த் தண்டனை பெறுவதைவிட இங்கேயே உண்ணாமல் கிடந்து உயிர் விடுவோம் என்றான். அநுமன் நயமாக எடுத்துரைத்தார்; சுக்ரீவன் தர்மம் அறிந்தவன், அஞ்சாதே என்றார். சொல்வன்மையில் அவரினும் மிக்கார் யார்? அப்படிப்பட்டவருடைய அறிவுரையும் அங்கதனிடம் பலிக்கவில்லை. அங்கதன் தர்ப்பையில் படுத்தான், மற்றவர்களும் படுத்தார்கள்.

இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அச்சத்தில் மூழ்கியவனுக்கு அறிவுரை எட்டுவதில்லை. அவர்களைக் காத்தது வேறொன்று. படுத்தவர்கள் தங்கள் துயரத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் பேசினார்கள். அப்பேச்சில் ஜடாயுவின் பெயர் வந்தது. மலைமேல் இருந்த ஸம்பாதி என்ற கிழக்கழுகு, தன் தம்பியின் பெயரைக் கேட்டு விசாரித்தது. அது சிறகு எரிந்து பறக்க இயலாமல் கிடந்த பறவை. தானே விழுந்து துன்பப்பட்டது. அதுதான் இலங்கை இருக்கும் இடத்தைச் சொல்லிற்று. துயரைப் பேசியதால் வழி திறந்தது. துயர் அறிந்த ஒருவர் உதவியதால் வேலை நடந்தது.

பின்பு நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. காரியத்தை முடித்துத் திரும்பிய வானரர்கள் களிப்பில் சுக்ரீவனுடைய மதுவனத்தை அழித்தார்கள். காவலனாகிய ததிமுகன் ஓடிவந்து முறையிட்டான். சுக்ரீவனோ சினக்கவில்லை, காரியம் கைகூடாமல் இப்படிக் களிப்பார்களா என்று உணர்ந்து, உடனே வரச் சொல் என்றான். எந்தத் தலைவனுக்கு அஞ்சி உயிரை விட இருந்தார்களோ, அவனே மகிழ்ந்து வரவேற்றான். தலைவன் உள்ளத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் கெடு வைத்தபோது அது வெளிப்படவில்லை. வெளிப்படாத இரக்கத்தால் எத்தனை உயிர்கள் போக இருந்தன என்பதை வேலை வாங்குகிற ஒவ்வொருவரும் எண்ண வேண்டும்.

ஐந்தில் ஒன்று

இனி, இறக்கி வைக்கத் தக்க சுமை எது என்பதைப் பார்ப்போம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான், எந்தக் கருமமும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்று அருளிச்செய்கிறான். அதிஷ்டானம், கர்த்தா, கரணங்கள், பலவகைச் சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தைவம். ஸ்ரீபாஷ்யகாரர் தம் கீதாபாஷ்யத்தில், இவற்றை முறையே உடல், ஜீவாத்மா, மனத்தோடு கூடிய இந்திரியங்கள், பிராணனின் செயல்கள், உள்ளிருந்து நடத்தும் பரமாத்மா என்று விளக்குகிறார்.

இதன் பொருளைத் தறியில் வைத்துப் பார்க்கலாம். குழியில் அமர்ந்த உடல் ஒன்று; நெய்வோம் என்று முனைந்த ஜீவன் ஒன்று; கையும் காலும் கண்ணும் ஒன்று; உள்ளே ஓடும் மூச்சு ஒன்று; இவையனைத்தையும் நிறுத்தி நடத்தும் அந்தர்யாமி ஒன்று. ஐந்து பேர் சேர்ந்து தூக்கும் பல்லக்கை "நானே தூக்குகிறேன்" என்று ஒருவன் நினைத்தால் அவன் தோள் என்னாகும்? எண்ணத்தாலேயே அவன் நசுங்கிவிடுவான். தொழிலில் நாம் படும் துன்பத்தில் பெரும்பகுதி இவ்வெண்ணத்தால் வருவது. சேலை நன்றாக அமைய வேண்டும் என்பது என் பொறுப்பு. அது நல்ல விலைக்குப் போக வேண்டும், வாங்கியவர் புகழ வேண்டும், அடுத்த பாவு தாமதமின்றி வர வேண்டும், மகன் வேலை நிலைக்க வேண்டும் என்பனவெல்லாம் விரும்பத் தக்கவையே. ஆனால் அவை என் கைக்குள் இல்லை. கைக்குள் இல்லாததைக் கைக்குள் இருப்பதாக எண்ணி இரவெல்லாம் பற்றிக்கொண்டிருப்பதே மனச்சுமை.

இதற்கு நம் ஆசாரியர்கள் காட்டிய வழி ஸாத்விக த்யாகம். கருமத்தைத் துறப்பதன்று; பலனில் உரிமை, கருமம் என்னுடையது என்ற எண்ணம், நானே செய்கிறேன் என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் துறப்பது. இதனால் அக்கறை குறையும் என்று அஞ்ச வேண்டா. தாயாருக்குச் சாற்றும் புடவையை நெய்யும்போது நெசவாளர் அதிகம் கவனிக்கிறாரா, குறைவாகக் கவனிக்கிறாரா? அதே நூல், அதே தறி, அதே கைகள். ஆயினும் அப்போது கை பதறுவதில்லை. கவனம் மிகுகிறது, கலக்கம் குறைகிறது. கைங்கர்ய புத்தியின் சிறப்பு இதுவே. தன் பாரத்தை எம்பெருமான் திருவடியில் வைப்பதற்குப் பரந்யாஸம் என்று பெயரிட்டார்கள். மோக்ஷத்தின் பொருட்டு அருளிய உயர்ந்த உபாயம் அது. ஆயினும் அதன் நிழல் நம் அன்றாடத் தொழிலின் மேலும் படலாம்.

கூலி வேறு, பலன் வேறு

இங்கேதான் முன்னே எழுப்பிய கேள்விக்கு வருகிறோம். பலனில் பற்று வையாதே என்றால் கூலி கேட்கலாகாது என்பதா? அன்று. பலன் என்பது இன்னும் வராதது, நம் வசத்தில் இல்லாதது. கூலி என்பது செய்த வேலைக்கு இன்னொருவர் பட்ட கடன். பலனைப் பற்றிய உபதேசம் கருமம் செய்பவனுக்கு. கடனைப் பற்றிய தர்மம் கொடுக்க வேண்டியவனுக்கு. ஒருவருக்குச் சொன்ன மருந்தை மற்றவர் கையில் எடுத்துக்கொண்டு பேசக் கூடாது.

கொடுப்பவருக்கு உரிய தர்மம் மகாபாரதத்தில் தெளிவாக உள்ளது. சபா பர்வத்தில் நாரதர் யுதிஷ்டிரனைக் காண வந்தபோது, வாழ்த்திவிட்டுப் போகவில்லை. அரசாட்சியைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்விகள் கேட்டார். படைவீரர்களுக்குச் சேர வேண்டிய உணவையும் ஊதியத்தையும் உரிய காலத்தில் தாமதமின்றிக் கொடுக்கிறாயா என்பது ஒன்று. கைத்தொழில் செய்வோர் அனைவருக்கும், நான்கு மாதங்களுக்குக் குறையாமல் வேண்டிய பொருளும் கருவியும் முறையாக அளித்து வருகிறாயா என்பது மற்றொன்று. நான்கு மாதம் என்பதைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறி, பாவு வராமல் கைகட்டி அமர்ந்திருக்கும் நெசவாளரை நினைத்தே கேட்டது போல் இருக்கிறதன்றோ? நூல் நாளை வருமா, வராதா என்று ஏங்க வைப்பது தொழிலாளியின் விதியன்று, அரசனின் குறை என்பது நாரதர் கேள்வியின் உட்கருத்து. இன்று அவ்விடத்தில் அரசும், கூட்டுறவுச் சங்கமும், பட்டு முதலாளிகளும், பெருங்கடைகளும் நிற்கிறார்கள்.

உபதேசம் செய்யும் தகுதி யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். அர்ஜுனனிடம் கவலைப்படாதே என்று சொன்ன பகவான் எங்கே அமர்ந்து சொன்னான்? சிங்காசனத்திலன்று, சாரதியின் இடத்தில், குதிரைக் கயிற்றைக் கையில் பற்றிக்கொண்டு. பார்த்தஸாரதி என்ற திருநாமமே அதனால் வந்தது. பதினான்காம் நாள் போரை எண்ணிப் பாருங்கள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிடில் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருந்தான். அதைவிடக் கடுமையான கெடு உண்டா? அப்படிப்பட்ட நாளின் நடுவில், குதிரைகள் அம்பு தைத்துத் தாகத்தால் சோர்ந்ததைக் கண்டு, அவற்றை அவிழ்த்து விடலாம் என்று அர்ஜுனன் சொல்ல, கண்ணனும் இசைந்தான். அர்ஜுனன் பூமியில் அம்பு எய்து நீர் வரவழைத்தான். பகவான் தன் திருக்கைகளால் குதிரைகளின் உடலிலிருந்து அம்புகளைப் பிடுங்கி, தேய்த்து, நீர் காட்டி, களைப்பு நீங்கிய பின்னரே மீண்டும் தேரில் பூட்டினான். நேரம் போகிறதே என்று சாட்டையை எடுக்கவில்லை. கெடு முக்கியம் என்று அவனுக்குத் தெரியாதா? குதிரைகள் விழுந்தால் கெடுவும் விழும் என்பதும் தெரியும். தன்னிடம் வேலை செய்பவருக்குக் கீதை சொல்ல விரும்புகிறவர், முதலில் இக்காரியத்தைச் செய்துவிட்டுச் சொல்லட்டும்.

எம்பெருமானார் திருவரங்கத்தில் செய்தருளிய ஏற்பாடும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. கோயில் கைங்கர்யங்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, இன்னார்க்கு இன்ன பணி என்று நிர்ணயித்ததைக் கோயிலொழுகு கூறுகிறது. தன் வேலை எது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிந்தவன் மனம் அமைதியாக இருக்கும். எல்லாரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும், எது தவறினாலும் உன்னையே கேட்போம் என்னும் இடத்தில் பக்தர்கள் கூடப் பதறுவார்கள்.

நம்மால் இயன்றவை

மற்றவர் தம் கடமையைச் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. நம் கையில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லுவேன்.

ஒன்று, அளவு. உணவிலும், உறக்கத்திலும், உழைப்பிலும் மிகாமலும் குறையாமலும் இருப்பவனுக்கே யோகம் துன்பத்தைத் தீர்க்கும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயக் கருத்து. வாரத்துக்கு 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 35 விழுக்காடு மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்லுகிறது. ஆதிபர்வத்தில் உதங்கர் நாகலோகத்தில் ஒரு தறியைக் கண்டார். இரு பெண்கள் கருப்பிழையும் வெள்ளிழையும் கொண்டு நெய்துகொண்டிருந்தார்கள். அவ்விழைகள் இரவும் பகலும் என்று பின்னர் அறிந்தார். காலம் என்னும் துணிக்கு இரண்டு இழையும் வேண்டும். கருப்பிழையை உருவிவிட்டு, இரவையும் பகலாக்கி நெய்தால் அத்துணி நில்லாது. நெசவாளர் பலர் அமாவாசையன்று தறியில் அமர்வதில்லை என்ற வழக்கத்தில் எத்துணை அறிவு இருக்கிறது!

இரண்டு, இடைவெளி. மூன்று வேளை ஸந்தியை விதித்தவர்கள், ஓயாது ஓடும் நாளை மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். ஸந்தியாவந்தனம் உடையவர் அதனை விடாதிருக்கட்டும். மற்றவர் கை கால் கழுவி, விளக்கேற்றி, பத்து நிமிடம் திருநாமம் சொல்லட்டும். அந்நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

மூன்று, வாய்விட்டுப் பேசுதல். வானரர்களுக்கு வழி திறந்தது அப்படித்தான். மனைவியிடமோ, கணவனிடமோ, பக்கத்துத் தறிக்காரரிடமோ சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் சொல்ல வரும்போது மற்றவர் "எனக்கு மட்டும் கவலையில்லையா" என்று வாயடைக்காமல் கேளுங்கள்.

நான்கு, வைத்தியம். பல வாரங்கள் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பம் அற்று, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது பிணி. பிணிக்கு வைத்தியரிடம் போக வேண்டும். இறைவனை நம்புகிறவன் மனநோய் மருத்துவரிடம் போகலாமா என்று தயங்குவோர் சரகஸம்ஹிதையை நினைக்கட்டும். தைவத்தை நாடுதல், மருந்தும் உணவும், மனத்தைத் தீய எண்ணங்களினின்று மீட்டல் என்று மூவகைச் சிகிச்சையை அது வகுக்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றதை விட வேண்டும் என்று சொல்லவில்லை. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் அழைத்தால், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஸம்பாதி இன்று தொலைபேசியிலும் பேசக்கூடும், கேட்பதில் இழிவில்லை.

சுமைதாங்கிகள்

முற்காலத்தில் நம் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டினார்கள். இரண்டு கல் தூண். மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு நடப்பவர், பிறர் கைகொடுக்காமலே சுமையை அதன்மேல் தள்ளி, இளைப்பாறி, மறுபடியும் தாமே தலையில் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அது இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு மாண்ட பெண்களின் நினைவாகப் பல இடங்களில் அவற்றை நாட்டினர். இறக்க இயலாத சுமையோடு போனவளை நினைத்து, இனி வருகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று எண்ணிய நெஞ்சம் எத்தகையது! அக்கல் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. சரியான உயரத்தில் நின்றது, அவ்வளவே.

நம் கேள்விக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது. என் வசத்தில் இல்லாத பலனைப் பற்றிய ஏக்கத்தை நான் எம்பெருமான் திருவடியில் இறக்கி வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் என்னை நம்பி வேலை செய்பவரின் சுமையை, "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி நான் அதே திருவடியில் வைத்துவிட்டு நழுவ இயலாது. அது அவன் என் தோளுக்குக் கொடுத்த கைங்கர்யம். சந்நிதியில் இறக்கியதால் காலியான தோள், வெளியே வந்ததும் இன்னொருவர் சுமைக்குக் கைகொடுக்கவே காலியாயிற்று. முதலாளி நெசவாளருக்கும், அதிகாரி ஊழியருக்கும், கணவன் மனைவிக்கும், தந்தை மகனுக்கும் இவ்வாறு சுமைதாங்கியாக நிற்கலாம்.

வாகனப் புறப்பாட்டின்போது, பக்தர்கள் திருமுக மண்டலத்தைக் கண்குளிரச் சேவித்த பின், ஒரு கணம் ஸ்ரீபாதம் தாங்குவோரின் தோள்களையும் நோக்குங்கள். பாரம் பெரிது, ஆனால் ஒருவர் தோளில் இல்லை. ஒருவர் களைத்தால் இன்னொருவர் தோள் கொடுக்கிறார். எம்பெருமான் அசையாமல் இனிதே எழுந்தருளுகிறான். நம் தறிக்கூடங்களும், தொழிற்சாலைகளும், அலுவலகங்களும், இல்லங்களும் அவ்வாறே நடைபெற, அலங்காரப் பிரியனான எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக. பட்டு நெய்யும் கைகளுக்கு ஓய்வும், அக்கைகளுக்கு உரியவை காலத்தில் சேருதலும், எல்லார்க்கும் இரவில் நல்லுறக்கமும் அருளுவானாக.

சுபம்.